கொக்காகிப் போன போர்க்கப்பல்

என் மாமாவின் கல்யாணத்தை நிறுத்தியது ஒரு அமெரிக்கப் போர்க்கப்பல். அதைச் சாமல்பட்டி வரைக்கும் ஓட்டி வந்து எங்கள் வீட்டு வாசலில் மோதவிட்ட மாலுமி நான். எனக்கு வயது பதினொன்று. கடலைக் கண்ணால் பார்த்ததில்லை.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. அம்மாவின் தம்பியான மாமா, சரக்குக் கப்பலில் கரி தள்ளும் வேலையிலிருந்து லீவில் வந்திருந்தார். அம்மா அவரைப் பிடித்து உட்கார வைத்து, ஓசூர்ப் பக்கம் ஒரு பெண்ணைப் பேசிவிட்டாள். பெண்ணின் அப்பா வந்து வீட்டைப் பார்ப்பதுதான் பாக்கி. அவர் குடிகாரனைக்கூடப் பொறுப்பாராம், புளுகனைப் பொறுக்கமாட்டாராம்.

அவர் வருவதற்கு முதல் நாள் மாமா எனக்கு அந்தக் கப்பலைப் பற்றிச் சொன்னார். அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் பார்த்தாராம். அவர்கள் நீராவிப் போர்க்கப்பல் கட்டப் பழகிய காலத்துச் சரக்கு. பெரிய பீரங்கிக் கூண்டின் முதுகிலேயே சின்னக் கூண்டை மாடி வீடு போல ஏற்றிவிட்டார்கள். கீழே இருப்பது திரும்பினால் மேலே இருப்பதும் திரும்பியே ஆக வேண்டும்.

“கண்ணாலம் கட்டிக்கின மாதிரிடா,” என்று மாமா சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

கடைசியில் பீரங்கிகளைக் கழற்றி, பேரையும் பிடுங்கிக்கொண்டு, ஒரு நம்பரை மட்டும் கொடுத்து, அதைக் கிரேன் ஆக்கிவிட்டார்களாம்.

முதல் பாரத்தில், அதாவது ஆறாம் வகுப்பில், அப்போதுதான் இங்கிலீஷ் ஆரம்பித்திருந்தது. எனக்குத் தெரிந்த இருபது வார்த்தைகளில் கிரேனும் ஒன்று. புத்தகத்தில் படமும் இருந்தது.

“கிரேன்னா கொக்குதானே மாமா?”

மாமா, அம்மா பக்கத்தில் இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார். “அதேதான். நாளைக்கி யாரு கேட்டாலும் தைரியமா சொல்லு.”

அவ்வளவு இரும்பு எப்படி ஒற்றைக் காலில் நிற்கும்? மீன் தின்னுமா, கரி தின்னுமா? ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் அமெரிக்காக்காரன் செய்யக்கூடியவன்தான் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் பெண்ணின் அப்பா காபியைக் குடித்துவிட்டு, மாமா வெளிநாட்டில் என்னவெல்லாம் பார்த்தார் என்று என் வாயைக் கிளறினார். பள்ளிக்கூடத்தில் போல எழுந்து நின்றேன்.

“சண்டைக் கப்பலு கொக்கு ஆனதப் பாத்தாருங்க.”

அவர் வீட்டில் பேச்சு கன்னடம். கன்னடத்தில் கொக்கு என்றால் பறவையின் மூக்கு.

“ஏனப்பா, கப்பலு மூக்கு ஆய்த்தா?”

“மூக்கு இல்லீங்க, கொக்கு!”

“அதேதானப்பா, மூக்கு!”

வேறு வழியில்லாமல் ஒற்றைக் காலில் நின்று, கழுத்தை நீட்டி, மீன் பிடித்துக் காட்டினேன்.

அம்மா மாமாவைப் பார்த்துப் பதறினாள். “டேய், வெளையாட்டுன்னு நீயாச்சும் சொல்லேண்டா!”

மாமா பணிவாக எழுந்தார். “பையன் சொல்றது நெசந்தாங்க. என் கண்ணால பாத்தேன்.”

வந்தவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தார்.

அம்மாவின் விளக்குமாறு என் வலது காலைக் கண்டுபிடித்தது. மாமாவோ கை நிறையக் கமர்கட் வாங்கித் தந்தார். கல்யாணம் நின்றவர் எதற்கு, நிறுத்தியவனுக்கு மிட்டாய் வாங்கித் தருகிறார்? இடது காலில் நின்றபடியே யோசித்துக்கொண்டு தின்றேன்.

மாமா அந்த வாரமே பம்பாய்க்குப் போய்விட்டார். சில மாதம் கழித்து ஒரு போட்டோ வந்தது. துறைமுகத்தில் மாமா, பக்கத்தில், அவர் தோளை ஒட்டிக்கொண்டு ஒரு பெண். பின்புறம், ‘மருமகனுக்கு: கொக்கும் நாங்களும்’ என்று எழுதியிருந்தார்.

அம்மா அதைப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அதைப் பிடுங்கி, வெளிச்சத்தில் பிடித்து, மூலை மூலையாகக் கொக்கைத் தேடினேன். அவர்களுக்குப் பின்னால் நீளக் கழுத்தோடு ஏதோ ஒரு இரும்புச் சாமான் நின்று மறைத்துக்கொண்டிருந்தது.