ரதி குரலை இறக்கிய விடியல்

பேச்சியம்மாவுக்குச் சின்னக் குரலே கிடையாது. நோர்வூட்டுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். இந்த மலையில் நின்றுகொண்டு அந்த மலையில் நிற்பவளைத் தேத்தண்ணிக்குக் கூப்பிடுவார். அவளோடு கூப்பிடாத நாலு பேரும் வந்து சேருவார்கள். அப்படிப்பட்ட தொண்டைக்குக் காமன் கூத்தில் ரதியின் பாட்டு கிடைத்ததில் யாருக்கும் ஆச்சரியமில்லை. ரதி வேஷம் கட்டுவது ஆண்பிள்ளை. சிவன் எரித்த காமனுக்காக அவள் அழும் பாட்டைப் பாடுவது பேச்சியம்மா. தப்பு மேளத்தின் சத்தத்தை மீறிப் பாடுவதுதான் அவர் கற்ற வித்தை.

மைக் செட் வந்ததும் அந்த வித்தையே வினையாயிற்று. மைக்கை வாயருகே வைத்துக்கொண்டும் அவர் தப்போடு மல்லுக்கட்டினார். போன வருஷம் ரதி அழுதபோது ஸ்பீக்கர் கரகரவென்று கிழிந்தது. கூட்டம் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தது. ரதி அழும்போது சனம் சிரித்தால் அது என்ன கூத்து?

இந்த வருஷம் ஒத்திகையிலேயே கோயில் கமிட்டித் தலைவர் செல்லசாமி சொல்லிவிட்டார். "கோவிச்சுக்காதீங்க அக்கா. இந்தத் தடவையும் செட்டு இரைஞ்சா, அடுத்த வருஷத்துல இருந்து பதிஞ்ச பாட்டத்தான் போடுவோம்."

பென்டிரைவுக்குள் உட்கார்ந்தா ரதி அழுவாள்? பேச்சியம்மா ஆத்திரத்தை மைக் செட்டுக்காரர் ஹிஷாமிடம் கொட்டினார்.

"பெட்டி நல்லாத்தான் இருக்கு அக்கா," என்றார் ஹிஷாம். "ஒங்க சத்தம் வயர்ல கரண்டாப் போகுது. நீங்க கூட்டினா அதுவும் கூடும், கொறச்சா கொறையும். எடுத்த எடுப்புலேயே முழுசாக் குடுத்தா மேல ஏற எடமில்ல. அங்கதான் கிழியுது."

மறுநாள் கொழுந்து பறிக்கும்போதும் அதே நினைப்பு. இடையில், பக்கத்து நிரை மீனம்மாவிடம் ஒரு வீட்டுச் சங்கதியைக் குரல் தாழ்த்திச் சொன்னார். நிமிர்ந்து பார்த்தால் மேல் நிரை, கீழ் நிரை எல்லாம் கை நின்றுபோய் அவர் பக்கம் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தன, வேலையை மேற்பார்க்கும் கங்காணி உட்பட. தொண்டை கிழியக் கூப்பிட்டபோதுகூட இவர்கள் இப்படிக் கேட்டதில்லை. இது இத்தனை நாள் தெரியாமல் போச்சே என்று பேச்சியம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

கூத்தன்று காமன் எரிந்து, விடியப்போகும் நேரம். பொன்னையாவின் தப்புக் கோஷ்டி வெளுத்து வாங்கியது. செல்லசாமி ஸ்பீக்கரையே முறைத்துக்கொண்டு நின்றார். பேச்சியம்மா மைக்கைப் பிடித்து, மீனம்மாவிடம் பேசிய அதே குரலில் தொடங்கினார்.

"எந்திரிங்க ராசா... ஏன் பேச மாட்டேங்கிறீங்க..."

முதல் அடியைத் தப்பு விழுங்கிவிட்டது. "சத்தமாப் பாடுங்க!" என்று யாரோ கத்தினார்கள். பேச்சியம்மா பல்லைக் கடித்துக்கொண்டு குரலை இன்னும் இறக்கினார். பாட்டு கேட்காமல் அடிப்பது எப்படி? பொன்னையா கையைத் தளர்த்தினார், கோஷ்டியும் தளர்த்தியது. மைதானமே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

அந்த அமைதியிலிருந்து அவர் ரதியை மெல்ல மெல்ல ஏற்றினார். சுதி ஏறி உச்சிக்குப் போனபோது ஸ்பீக்கரில் ஒரு கீறல் இல்லை. எதிர்மலை லயத்து வீடுகளில் கதவுகள் திறந்தன. ரதி வேஷம் கட்டிய நிரோஷன் பவுடர் கரைய நிஜமாகவே அழுதான். சும்மா சொல்லக்கூடாது, அந்தக் குரலுக்குக் கல்லும் அழுதிருக்கும். பேச்சியம்மாவுக்கோ உடம்பெல்லாம் சந்தோஷம்.

செல்லசாமி மூக்கை உறிஞ்சியபடி வந்தார். "அக்கா, மூணாம் நாளு காமன எழுப்புற பாட்டையும் நீங்களே பாடிருங்க. நம்ம தோட்டத்துல பொம்பளைங்க அதப் பாடுனதில்ல. பரவாயில்ல."

"பாடுறேன் தலைவரே. ஆனா தப்பு நான் சொல்ற மாதிரிதான் அடிக்கணும்."

பொன்னையா தலையாட்டினார்.