எடுத்து வைத்த இரண்டு ஞாயிறு

டிவி கேம் என்று அன்று நாங்கள் விளையாடியதைப் பார்த்தால் இன்றைய பிள்ளைகள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். கறுப்புத் திரை, நடுவில் ஒரு கோடு, இரண்டு ஓரத்திலும் வெள்ளையாக ஒரு சின்னக் கட்டை, குறுக்கே ஓடும் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிதான் பந்து. ஆளுக்கொரு திருகியைப் பிடித்துக்கொண்டு கட்டையை மேலும் கீழும் நகர்த்தி, பந்தைத் திருப்பி அடிக்க வேண்டும். விளையாட்டே அவ்வளவுதான். அதற்காக வாரம் முழுக்க ஏங்கிக் கிடந்தேன் என்றால் என் மகளே நம்பமாட்டாள்.

எழுபதுகளின் கடைசி அது. நானும் என் சிநேகிதியும் மலேசியாவில் ஒரே கித்தா தோட்டத்தில், ரப்பர் வெட்டுகிறவர்களின் ஒரே லயத்தில் பிறந்தவர்கள். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் இருமினால் இந்தப் பக்கம் எனக்குத் தூக்கம் கலையும். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது இரண்டு குடும்பமும் ஒரே லாரியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு ஈப்போவுக்கு வந்து, புந்தோங்கில் அடுத்தடுத்த தெருவில் வாடகைக்கு இருந்தோம். சட்டை தைக்கும் பெக்டரியில் இருவருக்கும் வேலை கிடைத்தது. அவள் காலர் வைப்பாள், நான் பட்டன் துளை போடுவேன். நடுவில் பத்து மிஷின்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேச எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் மிச்சம்.

அந்த ஞாயிற்றுக்கிழமையைக் கொண்டுபோய் டிவி கேம் கடையில் கொட்டினோம். கடைக்காரரை எல்லாரும் அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். அவரும் தோட்டத்திலிருந்து வந்தவர்தான். கடைவீட்டின் முன்கூடத்தில் நான்கு டிவி பெட்டிகள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் இரண்டு நாற்காலிகள். பொம்பளைப் பிள்ளைகளுக்கு அங்கே என்ன வேலை என்று என் அப்பா கத்தினார். கோயிலுக்குப் போய்விட்டு வருகிறோம் என்றோம். கோயிலுக்கும் போனோம், பொய் சொல்லவில்லை.

அண்ணன் நல்ல மனிதர். ஆனால் சட்டம் என்று வந்துவிட்டால் இரும்பு. ஞாயிற்றுக்கு ஒரு மணி நேரம்; மாசம் பிறந்ததும் நாலு ஞாயிற்றுக்கும் சேர்த்து முன்பணம் கட்டிவிட வேண்டும். கட்டின காசு திரும்பாது. கரண்ட் போனால் போன நேரம் அடுத்த வாரத்தில் சேரும். முன்கூட்டியே சொன்னால் அந்த மணி நேரத்தை உன் பேரில் எடுத்து வைப்பார். சொல்லாமல் வராவிட்டால் அது போனதுதான். பெட்டி ரோசாக் ஆனால், அதாவது கெட்டுப்போனால் மட்டும் காசு வாபஸ். ஆனால் அவர் கணக்கில் எந்தப் பெட்டியும் ரோசாக் ஆனதே கிடையாது. பெட்டியின் தலையில் ஓங்கி ஒரு தட்டு தட்டி, "இப்ப பாரு, சூப்பரா இருக்குலா" என்பார்.

எல்லாவற்றையும்விட பெரிய சட்டம் ஒன்று இருந்தது. இரண்டு பேர் கூட்டாகக் கட்டினால் விலை குறைவு. ஆனால் அந்த நேரத்தை இரண்டு பேரும் சேர்ந்து வந்துதான் எடுக்க வேண்டும். ஊரில் சீட்டு என்பார்களே, அதை நாங்கள் இங்கே கூட்டு என்போம். தோட்டத்தில் கூட்டுப் பிடித்தவர்கள் நடுவில் கழன்றுகொள்ள முடியாது. முடிப்பதென்றால் சேர்ந்தவர்கள் அத்தனை பேரும் வந்து நிற்க வேண்டும். அண்ணன் அந்த வழக்கத்தை அப்படியே டிவி பெட்டிக்குக் கொண்டுவந்துவிட்டார். ஒருமுறை கூடப்பிறந்த இருவர் கூட்டாகக் கட்டி, இளையவன் மட்டும் தினம் வந்து முழு நேரத்தையும் விளையாடித் தீர்த்துவிட, மூத்தவன் வந்து கடை வாசலில் ரகளை பண்ணினானாம். அதிலிருந்து இந்தச் சட்டம்.

கூட்டாகத்தான் கட்ட வேண்டும் என்று அடம் பிடித்தவள் நான். விலை குறைவு என்று அவளிடம் சொன்னேன். உண்மையில், அப்படிக் கட்டினால் அவள் ஒரு ஞாயிறும் வராமல் இருக்க முடியாதே என்ற எண்ணம்தான். எனக்கு அவள்மேல் அவ்வளவு ஆசை. அவளுக்கு வேறு கூட்டாளிகள் இருந்தார்கள். எனக்கு அவள் ஒருத்திதான்.

இடது நாற்காலி அவளுடையது, வலது எனக்கு. ஒரு ஆட்டம் பதினைந்து புள்ளி, விட்ட பந்து ஒவ்வொன்றும் மற்றவளுக்குப் புள்ளி. ஒரு தடவைகூட நான் அவளை ஜெயித்ததில்லை. மிஷினில் காலரைத் திருப்புகிற அதே கை. திருகியை லேசாகத் தொட்டால் போதும், கட்டை போய் நிற்கும். நான் திருகியோடு சேர்ந்து நாற்காலியிலேயே எழும்புவேன். "ஏன்டி குதிக்கிற, பந்து உன்கிட்ட வராமலா போயிரும்?" என்று சிரிப்பாள். தோற்றுத் தோற்று எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். வீடுவரை பேசாமல் வருவேன். சந்து முனையில் சிரப் ஊற்றின ஐஸ் பால் உருண்டை வாங்கிக் கொடுத்து என்னைச் சரிக்கட்டுவாள்.

ஒரு மாசம் இரண்டு ஞாயிறு விளையாடி முடித்திருந்தோம். பாரிட் புந்தாரிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். வந்தவர்களுக்கு அவசரம், அவள் வீட்டிலும் அவசரம். மளமளவென்று எல்லாம் முடிந்துவிட்டது. கல்யாணத்துக்கு முந்தின வாரம் நாங்கள் இருவரும் கடைக்குப் போனோம். மிச்சம் இருந்த இரண்டு ஞாயிற்றையும் எடுத்து வைக்கச் சொன்னாள்.

"எப்ப வருவே தங்கச்சி?" என்று கேட்டார் அண்ணன்.

"தலை தீபாவளிக்கு வாரேண்ணே. இவள வேற யாரோடயும் உக்கார விட்றாதீங்க, தோத்துட்டு அழுவா."

தலை தீபாவளிக்கு அவள் வரவில்லை. முழுகாமல் இருக்கிறாள், பஸ்ஸில் அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். அடுத்த தீபாவளிக்குக் குழந்தை சின்னது. அதற்குள் அவள் பெற்றோரும் மகள் பக்கமாகவே வீடு மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பிறகு அவள் புந்தோங் வருவதற்குக் காரணம் என்று ஒன்று இல்லை. நான் இருந்தேனே, நான் காரணம் இல்லையா என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். நானே பஸ் ஏறிப் போயிருக்கலாம். கூப்பிடாத வீட்டுக்கு எப்படிப் போவது? அவள் மாமியார் என்னைப் பார்த்து யார் நீ என்று கேட்டால் என்ன சொல்வது? எனக்கு ரோஷம் அதிகம். அந்த ரோஷத்தால் நான் சம்பாதித்தது ஒன்றுமில்லை.

ஞாயிறுதோறும் கோயிலிலிருந்து திரும்பும்போது கடை வழியாகத்தான் வருவேன். உள்ளே போகமாட்டேன். அண்ணன் வாசலில் நின்று, "கூட்டாளி வந்தாச்சா? ரெண்டு மணி நேரம் பத்திரமா இருக்குலா" என்பார். பெக்டரிப் பெண்கள் சேர்ந்து விளையாடக் கூப்பிட்டார்கள். தலைவலி என்றேன். வாரா வாரம் என்ன தலைவலி என்று கேலி செய்தார்கள், செய்துவிட்டுப் போகட்டும். அந்த இரண்டு மணி நேரம் அங்கே இருக்கும்வரை அவள் ஒருநாள் வந்துதான் ஆகவேண்டும் என்று நம்பினேன். இப்போது சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஒரு கடைக்காரரின் சட்டத்தை நான் சாமி வாக்கு மாதிரி பிடித்துக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளில் வீட்டுக்கு வீடு வீடியோ வந்தது. டிவி கேம் கடையில் ஈ ஆடியது. அண்ணன் பெட்டிகளை விற்றுவிட்டு வீடியோ கேசட் வாடகைக்கு விட முடிவு பண்ணினார். ஒரு ஞாயிறு என்னைக் கைதட்டிக் கூப்பிட்டார். மூன்று பெட்டிகள் ஏற்கெனவே போயிருந்தன. கடைசிப் பெட்டி மட்டும் சுவரோரம் இருந்தது.

"கடைய மாத்துறேன் தங்கச்சி. உன் ரெண்டு மணி நேரத்துக்கு காசு வாங்கிக்க."

"காசு திரும்பாதுன்னு சொன்னீங்க."

"விளையாட்டே இல்லாம போவுது, அப்புறம் எப்படி வச்சிக்கிறது? அது நியாயம் இல்லலா."

"கூட்டாக் கட்டினது அண்ணே. ரெண்டு பேரும் வரணும். அவ வரட்டும்."

 அண்ணன் கையிலிருந்த துணியால் பெட்டியைத் துடைத்தார்.

"அவ வந்துட்டுப் போயிட்டா. தைப்பூசத்துக்கு, புருஷனோட, பிள்ளையத் தூக்கிக்கிட்டு. ரெண்டு மணி நேரம் இருக்கு தங்கச்சின்னு சொன்னேன். 'எனக்கு இனிமே வேணாம்ணே, எல்லாத்தையும் அவ பேருக்கே மாத்திருங்க'ன்னா. உன்னப் பத்தி கேட்டா. அதுக்குள்ள அவன் மோட்டார் ஹாரன அடிச்சிக்கிட்டே இருந்தான். போயிட்டா."

தைப்பூசத்தன்று நான் அதே சடக்கில், ரோட்டோரத் தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். கடையிலிருந்து கூப்பிடு தூரம். எத்தனையோ பேருக்கு ஊற்றினேன், அவள் முகம் மட்டும் அந்தக் கூட்டத்தில் இல்லை.

கோபம்தான் முதலில் வந்தது. என்னைக் கேட்காமல் எப்படி அவள் பங்கைக் கொடுக்கலாம்? அதை யார் கேட்டார்கள்?  அண்ணன் காசை எடுத்து நீட்டினார். நான் வாங்கவில்லை.

"பெட்டியப் போடுங்கண்ணே" என்றேன்.

"யாரோட விளையாடுவே? நான் வேணா உக்காரவா?"

"வேணாம்."

வலது நாற்காலியில் உட்கார்ந்தேன். இடது நாற்காலி காலியாக இருந்தது. பெட்டி சூடேறி, கோடு தெரிந்து, இரண்டு கட்டைகளும் வந்தன. நான் தட்டிவிட்ட பந்தெல்லாம் அந்தப் பக்கம் போய்த் திரை ஓரத்தைத் தாண்டி மறைந்தது. அவள் கட்டை நின்ற இடத்திலேயே நின்றது. என் பக்கம் புள்ளி ஏறிக்கொண்டே போனது. ஐந்து, எட்டு, பன்னிரண்டு. வாழ்நாளில் அவளிடம் நான் அத்தனை புள்ளி எடுத்ததே இல்லை.

பதினாலாவது புள்ளியும் ஏறிய பிறகு, ஒரு பந்து நேராகப் போய் அசையாத அந்தக் கட்டையிலேயே பட்டது. டொக் என்று சத்தம். அவள் அடித்த மாதிரியே, அதே வேகத்தில் எனக்குத் திரும்பி வந்தது. திருகி என் கையில்தான் இருந்தது. கண்ணை நீர் மறைத்துவிட்டது. அந்த ஒரு பந்தை நான் விட்டுவிட்டேன்.