கறுப்பு விரல்காரி

வால்வு தொழிற்சாலையில் அவளுக்கு அதுதான் பெயர். ஏற்றுமதிப் படிவங்களில் கையெழுத்திடுவது அவள் வேலை. அதற்கு முன் ஏதாவது ஒரு பெட்டியைத் திறந்து, வால்வுக்குள் ஆள்காட்டி விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றுவாள். வால்வின் உட்புறத்து ரப்பர் உறை விரலில் கரியைப் பூசும். பதினோரு வருடமாக அந்தக் கறை எந்த சோப்புக்கும் மசியவில்லை. "சோறு போடும்போது அந்த விரல மட்டும் மடக்கிக்கோ" என்பான் கணவன்.

அன்று நாற்பது வால்வுகள் ஒரு வெளிநாட்டுக் கழிவுநீர் நிலையத்துக்குப் போகவேண்டும். அந்த ஊரிலிருந்து வந்த முதல் ஆர்டர். மூன்று மணிக்கு லாரி. தவறினால் கப்பல் போய்விடும், ஆர்டரும் போய்விடும்.

பன்னிரண்டரைக்கு அவள் விரலை விட்டாள். பழைய கறைமேல் புதுக் கரி ஒட்டவில்லை. வெள்ளைக் காகிதத்தில் தேய்த்தாள். காகிதமும் வெள்ளையாகவே இருந்தது. உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஸ்டோர் பொறுப்பாளரைக் கூப்பிட்டாள். கணவனின் தம்பிதான், அவள் சொல்லித்தான் போன மாதம் வேலையில் சேர்ந்தான்.

"என்ன கொழுந்தனாரே, உள்ள வெள்ளையடிச்சிருக்கீங்க?"

"முதல் ஆர்டராச்சே அண்ணி! டெஃப்லான் உறை சும்மா கெடந்துச்சு, போடச் சொல்லிட்டேன். பத்து மடங்கு உழைக்கும். நல்ல பொருளக் குடுத்தா கோவிச்சுக்குவாங்களா?"

"வாங்குறவங்க கோவிச்சுக்க மாட்டாங்க. சட்டம் கோவிச்சுக்கும்."

அரசின் கட்டுப்பாட்டுப் பட்டியலைப் புரட்டிக் காட்டினாள். ரப்பர் உறை சாக்கடைக்குப் போதும். எந்த அமிலத்துக்கும் அசையாத டெஃப்லானோ, விஷவாயு தயாரிக்கும் ஆலைக்கும் உதவும். அதை அனுப்பத் தனி அனுமதி வேண்டும், கிடைக்க மாதக்கணக்காகும். அனுமதியின்றிப் போனால் தொழிற்சாலையின் ஏற்றுமதியே நின்றுவிடும்.

"சாக்கடைக்காரங்களா விஷவாயு செய்யப் போறாங்க?"

"அவங்க செய்ய மாட்டாங்க. அவங்ககிட்டேர்ந்து அது யார் கைக்குப் போகும்? எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது."

"ஒரு கையெழுத்துதானே அண்ணி..."

"ரப்பருக்கே மாத்துங்க, போடுறேன்."

அவன் முகம் தொங்கிப்போனது. அவள் ஸ்பானரை எடுத்துக்கொண்டு அவனுக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். வால்வுக்கு நான்கு போல்ட். கேண்டீன்காரர்கூட வந்து கைகொடுத்தார். இரண்டே முக்காலுக்கு லாரி ஓட்டுநர் எட்டிப் பார்த்தார்.

"அக்கா, கப்பல் எனக்காக நிக்காது."

"எனக்காகவும் நிக்காதுண்ணே. அந்த ஸ்பானரப் புடிங்க."

மூன்றே காலுக்குக் கடைசிப் பெட்டியும் மூடத் தயாராக இருந்தது. இந்த முறை நாற்பதிலும் விரலை விட்டுப் பார்த்தாள். நாற்பதும் கறுப்பு. படிவத்தில் கையெழுத்தோடு ஒரு கரித்தடமும் விழுந்தது.

தாமதத்தை வழியில் ஈடுகட்டிவிடுவதாகச் சொல்லி ஓட்டுநர் கிளம்பியதும், கொழுந்தன் கரி படிந்த இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். "அண்ணி, பட்டப்பேருல இனி எனக்கும் பங்கு."

"நான் ஒரு விரலோட நிறுத்துனேன். நீங்க பத்தும்! எதையுமே அளவா செய்யத் தெரியாதா உங்களுக்கு?"