வசனத்தில் அமைத்து எழுதுக

"அம்மா, சூப்பர்நேச்சுரல்னா என்ன? வசனத்துல வச்சு எழுதணுமாம்."

மகள் கேட்டதும் எங்கிருந்தோ டெட்டோல் வாடை வந்தது.

ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில் எனக்கு அப்போது பதினான்கு வயது. செடிகளைக் கவ்வாத்து வெட்டப் போன அப்பா, முனியாண்டி கல்லருகே மழைத்தண்ணி ஓடும் கானுக்குள் விழுந்து பின்னந்தலையில் அடிபட்டு வந்தார். பிறகு வாந்தி, உளறல். மூன்று நாள் திருநீறு போட்டும் கேட்காமல் பதுளையில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனோம். டெட்டோல் வீசும் சின்ன அறை. அவருக்குத் தமிழ் தெரியாது. அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும்.

"முனி அடிச்சிருச்சுன்னு சொல்லு புள்ள. கல்லுகிட்ட விழுந்தாருல்ல, அப்பவே புடிச்சிருச்சு."

அந்த வாரம்தான் பாடசாலையில் அந்தச் சொல்லைப் படித்திருந்தேன்.

"சூப்பர்நேச்சுரல்" என்றேன்.

டாக்டர் சிரித்துவிட்டு, தூங்குவதற்கு மாத்திரை கொடுத்தார். விழுந்ததை நான் சொல்லவில்லை. அந்தச் சொல் வாயில் அவ்வளவு அழகாக வந்திருந்தது. திரும்பும் பஸ்ஸில், "எம்புள்ள டாக்டருகிட்ட இங்கிலீசு பேசுச்சு" என்று அம்மா எல்லோரிடமும் சொன்னாள். அன்று தூங்கிய அப்பா எழவில்லை.

மகளுக்கு அர்த்தம் சொன்னேன். "அப்பா கானுக்குள்ள விழுந்துட்டாருன்னு இங்கிலீஷ்ல எழுது" என்றேன்.

"அதுல அந்தச் சொல்லே இல்லையேம்மா."