கோட்டை பார்க்கப் போய் வயலின் தேடிய மூன்று நாள்

1966 ஆகஸ்டில் எனக்கு ஐந்து நாள் லீவு கிடைத்தது. கொழும்பில் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கிளாக் வேலை பார்க்கிறேன். வயது முப்பத்திரண்டு. இத்தனை வயதுக்கும் நான் கண்ட உலகம் யாழ்ப்பாணம், கொழும்பு, இரண்டுக்கும் நடுவில் ரயில் நிற்கிற ஸ்டேஷன்கள், அவ்வளவுதான். பக்கத்து மேசைக்காரர் மட்டக்களப்பார். வாவிக் கரையில் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை இருக்கிறது, அவர்கள் வழி வந்த பறங்கியர் இன்னும் அங்கே அவர்கள் பாஷை பேசிக்கொண்டு தச்சு வேலையும் கொல்லு வேலையும் செய்கிறார்கள், வெளியூருக்கே போகாமல் வெளியூர் பார்க்கலாம் என்று இரண்டு வருடமாக என் காதில் ஓதிக்கொண்டிருந்தார். தங்குவதற்கு ஒரு விலாசமும் எழுதித் தந்தார். சனிக்கிழமை காலை வருவதாகத் தபாலட்டை போட்டேன். லீவு ஒரு நாள் முந்திக் கிடைத்தது. ஒரு நாளில் என்ன வந்துவிடப் போகிறது என்று வியாழன் இரவே ரயில் ஏறிவிட்டேன். இந்தப் பயணத்தில் நடந்த அத்தனைக்கும் இந்த அவசரக்குடுக்கைதான் காரணம்.

கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் இரவு எட்டு மணிக்கு வண்டி. மூன்றாம் வகுப்புக்கு ஏழு ரூபாய் சில்லறை. ஜன்னலோரம் கிடைத்தால் விடாதீர்கள். விடிகிற நேரம் பொலன்னறுவைப் பக்கத்துக் காடு தாண்டி வயல்வெளி வரும்போது தூங்கிக்கொண்டிருப்பவன் பாவம் செய்தவன். காலை ஆறு மணி பத்து நிமிஷத்துக்கு மட்டக்களப்பு. ஸ்டேஷனிலிருந்து கோட்டை இருக்கும் புளியந்தீவுக்கு ஒன்றேகால் மைல். ஹயரிங் கார்க்காரர் இரண்டு ரூபாய் கேட்டார், ஒன்றரைக்கு வந்தார். பாலத்தில் ஏறியதும் இரண்டு பக்கமும் தண்ணீர், தண்ணீர் முழுக்கத் தோணிகள். நான் சின்னப் பிள்ளை போலத் தலையை வெளியே நீட்டிக்கொண்டு வந்தேன்.

லொட்ஜ் என்று பெயர்ப்பலகை ஒன்றும் இல்லை. ஓட்டு வீடு ஒன்றின் ஒரு பக்கத்தில் மூன்று அறை, மறு பக்கத்தில் வீட்டுக்காரர் பெனடிக்ட் அண்ணையின் தச்சுப் பட்டறை. நான் போன நேரம் அவர் முற்றத்தில் பந்தல் கால் நட்டுக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி மக்டலின் அக்கா மாவுக் கையோடு வாசலுக்கு வந்து, நாளைக்கு வரவேண்டிய ஆள் இன்றைக்கு வந்து நிற்பதைப் பார்த்துக் கொஞ்சம் திகைத்தார்.

“நாளைக்கு எங்கட மகளுக்குக் கலியாணம் தம்பி. வீடெல்லாம் குப்பையாக் கிடக்கு. ரெண்டாவது அறை துறந்துதான் இரிக்கு, போய்ச் சாயுங்க. மறுகா தேத்தண்ணி கொண்டு வாறன்” என்றார்.

அறை நல்ல சுத்தம். ஜன்னலை இறுக்கிச் சாத்தியிருந்ததால் இருட்டாக இருந்தது. கட்டிலில் வெள்ளைத் துப்பட்டி விரித்திருந்தது. பத்து மணி நேரம் பலகையில் இருந்து வந்த உடம்பு, மெத்தையைக் கண்டதும் பொத்தென்று உட்கார்ந்தேன்.

கீழே ஏதோ நொறுங்கிய சத்தம் கேட்டது.

துப்பட்டியைத் தூக்கினால் ஒரு வயலின். மேல்பலகை இரண்டாகப் பிளந்து, கழுத்து ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. சுற்றிவரத் துணி நாடாவால் கட்டியிருந்தது. சத்தம் கேட்டுப் பெனடிக்ட் அண்ணை முற்றத்திலிருந்து ஓடி வந்தார்.

நடந்தது இதுதான். வயலினின் மூட்டு விட்டுப்போயிருந்தது. பெனடிக்ட் அண்ணை வியாழன் பின்னேரம் வச்சிரம் காய்ச்சி ஒட்டி, நாடாவால் கட்டி, வாவிக் காற்றின் ஈரம் படாத ஒரே அறை அதுதான் என்று அந்தக் கட்டிலில் வைத்து மூடியிருந்தார். வச்சிரம் இறுக ஒரு முழு நாள் வேண்டும். விருந்தாளி சனிக்கிழமைதானே வருகிறார் என்ற கணக்கில் மனைவியிடமும் சொல்லவில்லை.

பெனடிக்ட் அண்ணைக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். உடைந்த துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் வைத்தார். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

“திருப்பி ஒட்டலாம். ஆனா மேல்பலகையே பிளந்திட்டு, நாளைக்குள்ள ஒட்டிக் காயாது” என்று மட்டும் சொன்னார்.

கல்யாண வீட்டில் வயலின் இல்லாவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். மக்டலின் அக்கா விளக்கினார். பறங்கியர் கல்யாணத்தில் சாப்பாடு குறையலாம், வயலின் இல்லாமல் கபிரிஞ்ஞா ஆட்டம் கிடையாது, ஆட்டம் இல்லாவிட்டால் பிள்ளையை ஊமைக் கல்யாணம் கட்டி அனுப்பினார்கள் என்று சாகும்வரை சொல்வார்கள். முப்பது வருடமாகப் புளியந்தீவில் எந்தப் பறங்கியர் கல்யாணத்துக்கும் வாசிப்பவர் பெனடிக்ட் அண்ணைதான். மணப்பெண் ரோசலின் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் அழவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

“இந்த ஊரில வேற வயலினே இல்லையோ?” என்று கேட்டேன்.

மக்டலின் அக்கா புருஷனைப் பார்த்தார். பிறகு ரோசலின்தான், “அந்தோனி மாமாக்கிட்ட இரிக்கு” என்றாள்.

அந்தோனி என்பவர் மக்டலின் அக்காவின் அண்ணன். ஐந்து வருடத்துக்கு முன் கோயில் பெருநாளில் அவர் வாசித்துக்கொண்டிருந்தபோது, சுருதி விலகுகிறது என்று பெனடிக்ட் அண்ணை சனத்துக்கு முன்னால் சொல்லிவிட்டாராம். அன்றோடு பேச்சு அறுந்தது. கல்யாணத்துக்கும் கார்டு மட்டும்தான் போயிருக்கிறது. இந்த ஊர் வழக்கத்தில் கார்டு அழைப்பே அல்ல. வீட்டுத் தலைவன் நேரே போய் வாயால் கேட்க வேண்டும்.

“நான் போய்க் கேட்டு வாறன்” என்று எழும்பிவிட்டேன். மட்டக்களப்பில் கால் வைத்து ஒரு மணி நேரம் ஆகவில்லை.

அந்தோனி வீடு கல்லடிக்கு அப்பால் டச்பார் என்கிற கடற்கரை ஊரில். எட்டேகாலுக்கு பஸ், டிக்கெட் பதினைந்து சதம், கல்லடிப் பாலம் தாண்டி இறங்கிக் கடற்கரைப் பக்கம் அரை மைல் நடை. எவ்வளவு அவசரம் என்றாலும் அந்தப் பாலத்தில் போகும்போது வாவியைப் பாருங்கள். நான் குற்றவாளிபோல் போனவன், ஆனாலும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். வீட்டில் அவருடைய மனைவி மட்டும் இருந்தார். சிறுபோக அறுவடை நேரம், மாட்டுவண்டிச் சில்லுக்கு இரும்புப் பட்டம் அடிக்கிற வேலையாக அந்தோனி திங்கள் முதல் வவுணதீவில் என்றார். வயலினையும் கொண்டுபோய்விட்டாராம்.

“கலியாண நாளில ஊருக்குள்ள இரிக்க அவருக்கு மனம் இல்ல” என்றார் அந்த அம்மா.

திரும்பி வந்து சொன்னேன். வவுணதீவு வாவியின் மறுகரை. தோணியில்தான் போக வேண்டும், ஆளுக்கு ஐம்பது சதம். “நீங்களும் வாங்கோ அண்ணை” என்று கூப்பிட்டேன்.

“நான் வரமாட்டன். துறையடி மட்டும் வாறன்” என்றார் பெனடிக்ட் அண்ணை.

துறையடிக்கு வந்ததும், தோணிக்காரனுக்கு வழி சரியாகத் தெரியாது என்று சொல்லித் தோணியிலும் ஏறிவிட்டார். தினமும் இரண்டு தரம் அக்கரை போய்வருகிற தோணிக்காரர் இடம் விட்டுக் கோலை ஊன்றினார்.

பத்தே முக்காலுக்குப் புறப்பட்டோம். ஆகஸ்டில் மேற்கிலிருந்து வீசுகிற கச்சான் காற்று எதிர்க்காற்று. ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. கண்டல் மரங்கள், அதில் கொக்குகள், திரும்பிப் பார்த்தால் கோட்டைச் சுவர் தண்ணீரிலிருந்து நேரே எழும்பி நிற்கிறது. போர்த்துக்கேயன் இடம் பிடிக்கத் தெரிந்தவன்தான். பெனடிக்ட் அண்ணை ஒன்றையும் பார்க்கவில்லை. கரை வந்ததும், “நீங்க போங்க தம்பி. தோணிக்குள்ள தண்ணி இரிக்கு, நான் இறைக்கிறன்” என்று தேங்காய்ச் சிரட்டையை எடுத்தார்.

வயல்வெளியைத் தாண்டி ஒரு மருத மர நிழலில் அந்தோனி வேலை செய்துகொண்டிருந்தார். உலைச் சூட்டில் முகம் சிவந்திருந்தது. நான் வந்த கதையை ஒளிக்காமல் சொன்னேன். வயலினுக்கு மேல் உட்கார்ந்த இடம் வந்ததும் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

“வயலின் தரலாம். ஆனா வயலின் ஆரோட போகும்? அது என்னோடதான் போகும். என்னக் கூப்பிட ஆரும் வரல்லயே தம்பி.”

“அவர் வந்திருக்கிறார். தோணியிலை இருக்கிறார்.”

“தோணியில என்ன செய்யிறார்?”

“தண்ணி இறைக்கிறார்.”

அந்தோனி கையைத் துடைத்துக்கொண்டு கரைக்கு நடந்தார். நான் பின்னால் ஓடினேன். தோணிக்குள் தண்ணீரே இல்லை, பெனடிக்ட் அண்ணை இன்னும் சிரட்டையால் வெறும் பலகையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். 

பெனடிக்ட் அண்ணை சிரட்டையை வைத்துவிட்டு எழும்பினார். முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கரைக்கு வந்தார்.

“மச்சான், நாளைக்கு நாலு மணிக்குப் பிள்ளைக்குக் கலியாணம். நீ வரோணும்.” கொஞ்சம் நின்று, “அண்டைக்கு நான் அப்பிடிச் சொல்லியிருக்கப்படாது” என்றார்.

“சுருதி விலகினதுதான்” என்றார் அந்தோனி. “ஒள்ளுப்பம்.” கொஞ்சூண்டு என்று விரல் நுனியில் அளவும் காட்டினார்.

அவ்வளவுதான். ஐந்து வருடக் கோபத்துக்கு இவ்வளவு போதும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தோனி மிச்சச் சில்லுக்குப் பட்டம் அடித்து முடிக்கும்வரை காத்திருந்தோம். பெனடிக்ட் அண்ணை கேட்காமலே துருத்தியைப் பிடித்தார். திரும்பும்போது கச்சான் பின்னால் இருந்து தள்ள, முப்பத்தைந்து நிமிஷத்தில் புளியந்தீவு. தண்ணீர் தெறித்தபோது பெனடிக்ட் அண்ணை சட்டையைக் கழற்றி வயலின் பெட்டியை மூடினார்.

சனிக்கிழமை காலை ஒரு வழியாகக் கோட்டை பார்த்தேன். நாலு கொத்தளம், தடித்த சுவர், உள்ளே அரசாங்கக் கந்தோர்கள். காவல்காரரிடம் சொன்னால் மேலே ஏற விடுவார், காசு கேட்க மாட்டார். கட்டிய போர்த்துக்கேயர் நிம்மதியாகப் பத்து வருடம்கூட இருக்கவில்லையாம், ஒல்லாந்தர் வந்து பிடித்துக்கொண்டார்கள். கொத்தளத்தில் நிற்கும்போது கீழே தெருவில் இரண்டு கிழவர்கள் எனக்கு விளங்காத அந்தப் பாஷையில் மீன் விலை பேசிக்கொண்டு போனார்கள். மீன் விலைதான் என்று எப்படித் தெரியும் என்றால், ஒருவர் கையில் மீன் இருந்தது, மற்றவர் முகம் அப்படி இருந்தது.

நாலு மணிக்குக் கோயிலில் கல்யாணம், ஆறரைக்கு வீட்டு முற்றத்தில் ஆட்டம். அந்தோனி நாடிக்கு அடியில் வயலினை ஏற்றினார். ஒருவர் மண்டலின், ஒரு அம்மா ரபான் மேளம். முதல் பாட்டிலேயே என் கால் சொல்லுக் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்துக் கால் அது, சும்மா ஆடாது.

எல்லோரும் ஆட, பெனடிக்ட் அண்ணை மட்டும் சுவரோரம் நின்றார். வயலின் இல்லாத கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு தரம் சட்டைப்பையில் விட்டார், ஒரு தரம் பின்னால் கட்டினார்.

“வாசிக்கிற ஆள் எப்பிடி ஆடுற? ஒருநாளும் ஆடினதில்ல” என்றார் என் பக்கத்தில் நின்ற மக்டலின் அக்கா. “எங்கட கலியாணத்திலயும் இவர்தான் வாசிச்சார். நான் இவர்ர தம்பியோட ஆடினன்.”

அந்தோனி பாட்டை நிறுத்தி வில்லால் சுட்டிக் காட்டினார். “மச்சான், பிள்ளயோட ஆடு.”

“எனக்கு ஆடத் தெரியா.”

ரோசலின் வந்து தகப்பனின் கையைப் பிடித்தாள். வயலின் மறுபடி எழும்பியது. ஊருக்கே தாளம் கொடுத்த மனிதர், மகளின் முக்காட்டை மிதித்தார், பக்கத்தில் ஆடியவரை இடித்தார், இடது பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் வலது பக்கம் கிறுகினார். ரோசலின் சிரித்துக்கொண்டே காதோரம் ஒன்று, இரண்டு என்று எண்ணிக் கொடுத்தாள். மூன்றாவது சுற்றில் கால் பிடிபட்டது. அதற்குப் பிறகு அவரை உட்கார வைக்க யாராலும் முடியவில்லை. நான் அழுதேன். ஏன் மறைக்க வேண்டும்? இரண்டு நாளுக்கு முன் முகம் தெரியாத வீடு, அந்தக் கல்யாணத்தைக் கெடுக்கப் போனவன் நான், அங்கே நின்று சந்தோஷத்தில் அழுதேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில சொல்ல வேண்டும். அறை நாளுக்கு மூன்றரை ரூபாய், காலையில் இடியப்பமும் மீன் சொதியும் எழுபத்தைந்து சதம். எருமைத் தயிர் சட்டியோடு வாங்குங்கள், ரயிலில் கொண்டுவர நினைக்காதீர்கள், நான் நினைத்தேன், என் பெட்டி இன்னும் மணக்கிறது. தோணிப் பயணம் என்றால் அக்கரைக்குக் காலை ஏழுக்கே போங்கள், அப்போது காற்று குறைவு. மட்டக்களப்பு வாவியில் மீன் பாடுமாமே, கேட்டாயா என்று கந்தோரில் எல்லோரும் கேட்கிறார்கள். கேட்கவில்லை, அதற்கு நிலாக் காலம் பார்த்துப் போக வேண்டுமாம். வருவதாகச் சொன்ன நாளில் போய்ச் சேருங்கள் என்று சொல்லத்தான் வேண்டும், ஆனால் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஞாயிறு காலை பகல் வண்டிக்குப் புறப்பட்டபோது பெனடிக்ட் அண்ணை வழியனுப்ப எழும்பவில்லை. வீங்கிய இரண்டு காலையும் சுடுதண்ணீர்த் தொட்டிக்குள் வைத்துக்கொண்டு இருந்தார். பட்டறை மேசையில் வயலின் துண்டுகள் கிடந்தன.

“எப்ப அண்ணை ஒட்டப் போறியள்?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

“என்ன அவசரம்? தையிலதான் அடுத்த கலியாணம். இவள்ர தங்கச்சியின்ர மகளுக்கு.”

குசினிக்குள்ளிருந்து மக்டலின் அக்காவின் குரல் வந்தது. “தைக் கலியாணம் முடியுமுன்னம் அதில வச்சிரம் பூசினீங்களெண்டா, மறுகா நானே அதுக்கு மேல ஏறி இரிப்பன்.”