கடைவாய் அதிமதுரம்

சின்னப்பாவுக்கு இருமலை விழுங்கத் தெரியும். சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் இறங்கியவர்களில் பாதிப் பேருக்குத் தெரிந்த வித்தை அது. வருஷாந்திர மெடிக்கலில் டாக்டர் முன்னால் ஒரு தரம் இருமினால் போதும், ‘அன்ஃபிட்’ என்று எழுதிவிடுவார்கள். அப்புறம் சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜில் ஏறவிட மாட்டார்கள். மெடிக்கல் நாளில் மனைவி யசோதா அதிமதுரத்தைத் தட்டி, ஒரு துண்டை அவர் கடைவாயில் அடக்கி அனுப்புவாள். சுரங்கம் மூடும்வரை அவர் ஃபிட்.

சுரங்கம் போய், கிட்னியும் போய், இப்போது கோலாருக்குப் பஸ் ஏறி டயாலிசிஸ். ரத்தம்தான் ஏறவில்லை. ரத்தம் ஊற ஊசி போட்டார்கள், அளவைக் கூட்டினார்கள், இரும்புச்சத்தையும் ஏற்றிப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் ஏழிலேயே குந்திக்கொண்டிருந்தது. செருப்பு மாட்டக் குனிந்தாலே அவருக்கு மூச்சு வாங்கியது.

பழி யசோதாவின் தலையில் விழுந்தது. சூடு பட்டால் கெட்டுப்போகும் அந்த ஊசி மருந்தை வெளியே வாங்கி ஐஸ் டப்பாவில் சுமந்து வருபவள் அவள்தான்.

“ஐஸெல்லாம் உருகிப்போச்சும்மா. பஸ்ல எங்க வெச்சீங்க, இன்ஜின் மேலயா?” என்றாள் நர்ஸ் ஷில்பா.

வீட்டில் மகன் வேந்தன், “ஒரு டப்பாவ சில்லுனு எடுத்துகினு போவத் தெரியல, இன்னாம்மா நீ?” என்றான்.

சின்னப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலமானால் உடம்பு காய்வதும், தான் போர்வைக்குள் இருமுவதும் அவருக்குத் தெரியாதா? டாக்டர் காதுக்குப் போனால் மிஷினிலிருந்து இறக்கிவிடுவார்கள். மிஷின் இல்லையென்றால் உயிர் இல்லை. அவள் திட்டு வாங்கட்டும். திட்டு வாங்கி யாரும் செத்ததில்லை. டயாலிசிஸ் நாளில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கையை நீட்டுவார். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து அதிமதுரத் துண்டை எடுத்துக் கொடுப்பாள்.

ஒருநாள் டாக்டரே கேட்டுவிட்டார். “உண்மையச் சொல்லுங்கம்மா. ஊசிய வாங்குறீங்களா, வாங்கி வித்துடுறீங்களா?”

வார்டே திரும்பிப் பார்த்தது. யசோதா அழவில்லை. கட்டிலருகே வந்து அவர் வாய்க்குக் கீழே உள்ளங்கையை ஏந்தினாள்.

“துப்பு.”

கல்யாணமானதிலிருந்து அவரை அவள் ஒருமையில் பேசியதில்லை.

“இன்னாமே இது, எல்லாரும் பாக்கறாங்க…”

“பாக்கட்டும். இன்னாத்துக்கு நான் திருடி ஆவணும்? துப்பு.”

துப்பினார். சப்பிச் சப்பி நாராகிப்போன அதிமதுரம். அதன் பின்னாலேயே, அடக்கி வைத்த இருமல் மொத்தமும் வந்தது.

எக்ஸ்ரே எடுத்தார்கள், சளியைச் சோதித்தார்கள். காசநோய், பல மாதமாக உள்ளே புகைந்துகொண்டிருந்திருக்கிறது. அந்த அழற்சி இருக்கும்வரை உடம்பு இரும்பைப் பூட்டி வைத்துக்கொள்ளும், ஊசி சொல்வதை எலும்பு மஜ்ஜை கேட்காது என்றார் டாக்டர். “முன்னாடியே எங்ககிட்ட இருமியிருந்தா இத்தன ஊசி வீணாகியிருக்காது, பெரியவரே.” யசோதாவிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஷில்பாவும்தான்.

மிஷினிலிருந்து யாரும் இறக்கவில்லை. கடைசி ஷிப்டுக்கு மாற்றி, மூலையில் தடுப்புக்குப் பின்னால் படுக்க வைத்தார்கள். கூடவே சுரங்கத்தில் இறங்கி, கூடவே இங்கேயும் படுக்கும் டென்னிஸ், துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு தடுப்பைத் தாண்டிப் போனார். “இன்னா சின்னப்பா, கடைசியில அன்ஃபிட் ஆயிட்டியா?”

திரும்பும் பஸ்ஸில் சின்னப்பா யசோதாவின் பக்கத்தில் உட்காரவில்லை. காட்டிக்கொடுத்தவள். ஐஸ் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். அன்றோடு அவளிடம் பேச்சை நிறுத்திவிட்டார். இருமலை நிறுத்தவில்லை. கூடத்து நடுவில் உட்கார்ந்து, அவள் முகத்துக்கு நேராக, தாராளமாக இருமினார்.