பச்சைப் பைக்கற் கிழங்கு

மே மாதத்திலிருந்து டிசம்பர் மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வரை சுவிஸில் எங்கள் வீட்டில் மாமாவை உயிரோடு வைத்திருந்தது இறைச்சிக் கறிதான். இப்படி எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. வந்த வேகத்தில் போயும்விடுகிறது.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. 2009இல் சண்டை முடிந்தபோது அவர் வன்னியில் இருந்தார். அதற்குப் பிறகு எங்கே இருந்தார் என்று சொல்ல ஒருவரும் இல்லை. முகாம்களில் இருந்தவர்களின் பெயர்களை யார் யாரிடமோ கேட்டு வாங்கி, அப்பா ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தார். மாமாவின் பெயரில் நான்கு பேர் கிடைத்தார்கள். நான்கு பேரும் வேறு யாருடையவோ தம்பிகள்.

எங்கள் சனத்தில் சாவு விழுந்த வீட்டுக்குத் துடக்கு, அதாவது தீட்டு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை அந்த வீட்டு அடுப்பில் மீனும் இறைச்சியும் ஏறாது. அம்மா இந்த வழக்கத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டார். இறைச்சி ஏறுகிற வீட்டில் சாவு இல்லை என்பது அவருடைய நியாயம். முன்பு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் இறைச்சி சமைத்தவர், அந்த வருடம் வாரத்தில் நான்கு நாள் சமைத்தார். அவருக்கு அதில் பெரிய விருப்பம் ஒன்றும் கிடையாது. மருந்து குடிப்பவரைப் போல இரண்டு துண்டை விழுங்கிவிட்டு மிச்சத்தை எங்கள் தட்டுகளில் அள்ளிப் போடுவார். நாங்கள் தின்னத் தின்ன மாமா எங்கோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். ஒன்பது வயதில் எனக்கு வாய்ப்பாடு வரவில்லையே தவிர, இந்த விதி நன்றாகவே பிடிபட்டிருந்தது.

ஆவணி மாதத்தில் அப்பாவின் அக்கா, டீட்டிகோன் ஊரில் இருந்த மாமி, தொலைபேசியில் வந்தார். இனியும் இழுத்துக்கொண்டிருப்பது அந்த ஆத்மாவுக்கு நல்லதில்லை, ஐயரிடம் கேட்டு ஒரு கிரியையைச் செய்துவிடுவோம் என்று தன்னால் முடிந்த அளவு மெதுவாகத்தான் சொன்னார். அம்மா தொலைபேசியை வைத்தார். உறைபெட்டியைத் திறந்து ஆட்டிறைச்சியை எடுத்து வெந்நீரில் போட்டார். அன்று வெள்ளிக்கிழமை. நான் பிறந்ததிலிருந்து வெள்ளிக்கிழமையில் முட்டைகூட உடைக்காத வீட்டில் அன்று இறைச்சி கொதித்தது. அப்பா எழுந்துபோய்ச் சாமிப் படங்களுக்கு முன்னால் இருந்த திரையை இழுத்து மூடிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார்.

அப்பாவுக்குத் துன் ஏரிக்கரையில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை. பாத்திரம் கழுவப் போனவர், பதினொரு வருடத்தில் மெல்ல மெல்லக் கத்தி பிடிக்கும் இடத்துக்கு வந்திருந்தார். குளிர்காலத்தில் அங்கே வந்து தங்கும் ஆங்கிலேயர்களுக்காகப் பெரிய சமையல்காரர் ஷெப்பர்ட்ஸ் பை என்று ஒன்று செய்வாராம். பொடியாக அரிந்த ஆட்டிறைச்சியை வெங்காயம், கரட், பட்டாணியோடு சுண்ட வைத்து, அதன்மேல் மசித்த உருளைக்கிழங்கைக் கனமாகப் பூசி, முள்ளுக்கரண்டியால் கோடிழுத்து, பொன்னிறம் வரும்வரை அவணில் வைப்பது. சண்டை நெருங்குவதற்கு முன்பு ஒருநாள் மாமா கிளிநொச்சியிலிருந்து தொலைபேசி எடுத்தபோது அப்பா இதை விளக்கமாகச் சொன்னார். ஷெப்பர்ட் என்றால் ஆடு மேய்க்கிறவர் என்றதும் மாமா சிரித்த சிரிப்பு எங்கள் அறை முழுக்கக் கேட்டது.

“மேய்க்கிறவனே ஆட்டை அரிஞ்சு கிழங்குக்குக் கீழ ஒளிச்சு வைக்கிறானோ? சரியான கள்ளன்தான். அத்தான், நான் அங்க வந்தா முதல்ல எனக்கு அதைத்தான் செய்து தரவேணும்.”

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குக் கள்ளன் கறி என்று பெயர். மாமா வரும்போது செய்வதென்று வைத்திருந்ததால் ஒருமுறையும் செய்யவில்லை.

டிசம்பரில் ஒரு புதன்கிழமை, மதிய வேலைக்கும் இரவு வேலைக்கும் நடுவே அப்பா வீட்டுக்கு வந்திருந்த நேரம், தொலைபேசி அடித்தது. அப்பா பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கதைத்தார். பனி தூறிக்கொண்டிருந்தது, அப்பா ஜாக்கெட் போடவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அம்மா நின்றார். அப்பா முதுகைக் காட்டிக்கொண்டே நின்றதால் அம்மாவுக்குப் பார்க்கக் கிடைத்தது முதுகு மட்டும்தான். உள்ளே வந்தபோது அவருடைய தோளில் பனி இருந்தது. முகாமிலிருந்து வெளியே வந்த ஒருவராம், மாமாவோடு கடைசிவரை நின்றவராம், இன்னும் விசாரித்துச் சொல்வதாகச் சொன்னாராம். இவ்வளவுதான் என்றார். முகம் கழுவப் போனவர் வெகுநேரம் குளியலறையை விட்டு வரவில்லை.

அம்மாவுக்கு அந்த இவ்வளவு தாராளமாகப் போதுமாக இருந்தது. விசாரிக்கிறார்கள் என்றால் விசாரிப்பதற்கு ஆள் இருக்கிறது. ஆள் இருக்கிறது என்றால் ஏதோ ஒரு ஆசுபத்திரியில், ஏதோ ஒரு தடுப்பு முகாமில் இருக்கிறது. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இரண்டு கிழமையாகத் தொங்கிக்கொண்டிருந்த கடிதத்தை அன்றுதான் எடுத்துப் படித்தார். எங்கள் தமிழ்ப் பாடசாலையின் ஆண்டிறுதி ஒன்றுகூடல், சனிக்கிழமை பிற்பகல், வீட்டுக்கு ஒரு சாப்பாடு கொண்டுவர வேண்டும். மே மாதத்துக்குப் பிறகு அம்மா எந்தக் கொண்டாட்டத்துக்கும் போனதில்லை. துக்கத்தினால் அல்ல, துக்கம் விசாரிப்பார்கள் என்ற பயத்தினால். இப்போது போவதென்று முடிவெடுத்தார். எல்லோரும் ரோல்ஸும் பற்றிஸும் கொண்டுவருவார்கள், நாங்கள் கள்ளன் கறி கொண்டுபோவோம் என்றார்.

அப்பா மேசையில் இருந்த பாண் ரொட்டித் துணிக்கைகளை விரலால் ஒரு பக்கமாகக் கூட்டினார்.

“இஞ்சரும், இந்தமுறை மரக்கறியாச் செய்வமே? காளானும் கத்தரிக்காயும் போட்டுச் செய்யலாம். ஹோட்டல்ல செய்யிறவை.”

அம்மா திரும்பினார்.

“ஏன் மரக்கறி? ஆர் செத்தது எங்கட வீட்டில?”

அப்பா கூட்டிய துணிக்கைகளை உள்ளங்கையில் அள்ளினார். “ஒருத்தருமில்லை,” என்றார்.

அந்த ஒரு சொல்லுக்காக அப்பா இன்றுவரை தன்னை மன்னிக்கவில்லை. அந்த இடத்தில் வேறு யார் நின்றிருந்தாலும் என்னத்தைச் சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த இரண்டு நாளும் வயிறு சரியில்லை என்று பாணும் வாழைப்பழமும் மட்டும் தின்றார்.

சனிக்கிழமை காலை துருக்கிக் கடையிலிருந்து இரண்டு கிலோ ஆட்டிறைச்சி வந்தது. கடையில் அரைத்துத் தருவார்கள், ஆனால் மாட்டிறைச்சி போய் வந்த இயந்திரத்தில் அரைக்க அம்மா சம்மதிக்கமாட்டார். ஆகவே அப்பா பலகையை வைத்துக்கொண்டு இரண்டு கிலோவையும் கத்தியால் அரிந்தார். ஹோட்டலில் அவருடைய கத்தி தையல் இயந்திரம் போல ஓடும் என்று சொல்வார்கள். அன்று ஒவ்வொரு துண்டாக, யாரோ எண்ணச் சொன்னதைப் போல அரிந்தார்.

கிழங்கு வாங்க என்னை அனுப்பினார்கள். “நீலப் பைக்கற், பிள்ளை. மறந்திடாதை. பச்சைப் பைக்கற் கிழங்கு மசியாது,” என்றார் அப்பா. இந்த நாட்டில் உருளைக்கிழங்குக்கும் நிறம் உண்டு. நீலத்தில் இருப்பது மாவாக அவிவது, மசிக்க நல்லது. பச்சையில் இருப்பது எவ்வளவு அவித்தாலும் உடையாதது, சலாட்டுக்கு ஆனது. நான் மேடையில் பாட வேண்டிய பாட்டை வாய்க்குள் பாடிக்கொண்டே போனேன். இரண்டாவது அடி வந்தபோது நிறம் மறந்துவிட்டது. பச்சைப் பைக்கற்றில் கிழங்குகள் சின்னதாக, கழுவி, அழகாக இருந்தன. வீட்டில் அம்மா பைக்கற்றை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பிரித்தார். ஒன்றும் சொல்லவில்லை. நல்லவேளை, கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கிழங்கு மசியவில்லை. அம்மா பால் விட்டார், வெண்ணெய் போட்டார், மத்தை எடுத்து அடித்தார். அது பசை போல இழுபட்டதே தவிர இளகிக் கொடுக்கவில்லை. எனக்கு அப்போதுதான் நீலம் ஞாபகம் வந்தது. வாயைத் திறக்கவில்லை. அப்பா இறைச்சிச் சட்டியில் ஒரு கரண்டி எடுத்து ஊதி என்னிடம் நீட்டி, உப்புப் பார்க்கச் சொன்னார். எதையும் தன் நாக்கில் வைக்காமல் அடுப்பிலிருந்து இறக்காத மனிதர். சரியாக இருக்கிறது என்றேன். உண்மையில் அதைப்போல ருசியான ஒன்றை நான் அதுவரை தின்றதில்லை.

ஒன்றுகூடல் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. சோடனைத் தாளும் மெழுகுதிரியும், மூலையில் சைவப் பிள்ளைகளும் கிறிஸ்தவர்களான வேதப் பிள்ளைகளும் சேர்ந்து சோடித்த கிறிஸ்மஸ் மரமும் இருந்தன. நாங்கள் உள்ளே போனதும் கதை நின்றது. பிறகு முன்னைவிடச் சத்தமாகத் தொடங்கியது. பெண்கள் ஒவ்வொருவராக வந்து அம்மாவின் கையைப் பிடித்தார்கள். பிடித்த கையை விடத் தெரியாமல் நின்றார்கள். அம்மாவோ அந்த வருடத்தில் முதல் தடவையாக வாய் நிறையச் சிரித்துக்கொண்டு, “வெள்ளைக்காரன்ர சாப்பாடு, ஒருக்காச் சாப்பிட்டுப் பாருங்கோ,” என்று ஆளுக்கொரு துண்டு வெட்டி வைத்தார்.

புதன்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்த செய்தி எங்கள் வீட்டுக்கு மட்டும் வரவில்லை. மாமா மே மாதமே முடிந்துபோனார் என்பதைக் கண்ணால் கண்ட மனிதர், தெரிந்த எல்லோருக்கும் எடுத்துச் சொல்லியிருந்தார். அந்த மண்டபத்தில் அம்மாவையும் பிள்ளைகளையும் தவிர மற்ற எல்லோருக்கும் தெரியும். ஒன்றுகூடல் முடியட்டும், பிள்ளை பாடி முடிக்கட்டும், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று அப்பா அவர்களிடம் கெஞ்சிக் கேட்டிருந்தார். இதெல்லாம் நான் பின்னால் அறிந்தது. தம்பி செத்தது தெரியாமல் அக்கா சமைத்த இறைச்சியை யாரால் வாயில் வைக்க முடியும்?

அந்த மண்டபத்தில் அதை ரசித்துச் சாப்பிட்டவர் ஒரே ஒருவர். கதவு திறந்துவிட வந்த மண்டபக் காவல்காரர், வயதான சுவிஸ்காரர். மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டு, மூன்று தடவையும் ஜெர்மனில் அருமை என்றார். அம்மா அவருக்கு நான்காவது துண்டைப் பொதிந்தும் கொடுத்தார்.

நான் பாடி முடித்துவிட்டு, கையில் இருந்த கடதாசித் தட்டை எறியக் குப்பைத் தொட்டியைத் திறந்தேன். உள்ளே தட்டுகள். ஒவ்வொரு தட்டிலும் கைதுடைக்கும் தாளால் மூடி, கடிபடாத எங்கள் துண்டுகள். என் முதுகுக்குப் பின்னால் அம்மா நின்றதை நான் கவனிக்கவில்லை. அவருடைய கை வந்து மெதுவாக மூடியைச் சாத்தியது.

வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில் பாதி நிறைந்த அவண் தட்டு அம்மாவின் மடியில் இருந்தது. அம்மா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

“அம்மா, நான்தான் பிழை. நீலத்தை விட்டிட்டுப் பச்சைப் பைக்கற்றை வாங்கிட்டன். அதுதான் ஒருத்தரும் சாப்பிடேல்லை.”

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“ஓமோ? அதுதானோ விசயம்? நான் வேற என்னவோ எண்டு பயந்திட்டன்,” என்று சொல்லி என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். முன் இருக்கையில் இருந்த அப்பா திரும்பவே இல்லை. என் மனப்பாரம் இறங்கியது. அந்தக் கிழங்கைப் பிரித்ததும் மசித்ததும் அம்மாதானே, எந்தப் பைக்கற் என்று அவருக்குத் தெரியாதா என்று யோசிக்க எனக்குப் பல வருடங்கள் பிடித்தன.

ஞாயிற்றுக்கிழமை காலை, மிச்சத்தைச் சூடாக்கித் தின்னும் ஆசையில் எழுந்து வந்தேன். தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. உறைபெட்டி வெறுமையாகத் திறந்து கிடந்தது. அடுப்பில் பருப்பும் பூசணிக்காயும் கொதித்தன. அம்மா தலைமுழுகி, ஈரக் கூந்தலை முதுகில் விரித்துவிட்டபடி நின்றார். அப்பா குசினி வாசலில் நின்று, நான்கு நாளாக வைத்திருந்ததைச் சொல்ல வாயெடுத்தார். அம்மா முந்திக்கொண்டார்.

“திகதி சொன்னவையோ?”

அப்பா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். “இல்லை. அங்க ஒருத்தருக்கும் நாள் தெரியேல்லையாம்.”

இரண்டு பெரியவர்கள் திகதி தெரியாமல் நிற்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது. நாள்காட்டி சுவரில்தானே தொங்குகிறது. ஓடிப்போய்ப் பார்த்து, டிசம்பர் பதின்மூன்று, ஞாயிற்றுக்கிழமை என்று உரத்து வாசித்தேன். அம்மா என் பக்கம் திரும்பி, “சரி,” என்றார். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு நிலத்தில் உட்கார்ந்தார்.

இறந்த நாள் தெரியாதவர்களுக்குச் செய்தி கேட்ட நாளையே நாளாக வைப்பது வழக்கமாம். ஐயர் கேட்டபோது அம்மா அந்தத் திகதியைத்தான் சொன்னார். அதற்கு என்ன திதியோ அந்தத் திதியில்தான் இன்றுவரை மாமாவுக்குத் திவசம் செய்கிறோம். மே மாதத்து வெயிலில் எங்கோ விழுந்துபோன மனிதருக்கு, டிசம்பர்ப் பனியில் நாள் குறித்துக் கொடுத்தவள் நான். அவர் கேட்ட சாப்பாட்டை அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒருவரும் செய்ததில்லை.

அன்று காலை எனக்கு இது ஒன்றும் தெரியாது. அம்மா “சரி” என்றதும், கிழங்கில் விட்ட பிழையை ஒருவாறு திருத்திவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு நாள்காட்டிக்குப் பக்கத்தில் நின்றேன்.